ஸைனம்புவுக்கு வைத்த வாசல்நிலை

ஏறாவூரில் பெண்பிள்ளை பிறந்த வீட்டு ஆண்கள் அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெண் வேண்டாம் என்பதல்ல. அப்படி ஒருவன் வாய் திறந்திருந்தால் ஹவ்வா உம்மா விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள். சங்கதி என்னவென்றால், பெண் பிறந்தால் அவளோடு ஒரு வீடும் பிறந்தாக வேண்டும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான்; பெண் அவன் வீட்டுக்குப் போகமாட்டாள். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவனும் வரமாட்டான். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி முஸ்லிம்களுக்கும் இதுதான் வழக்கம், தமிழருக்கும் இதுதான் வழக்கம். சண்டை பிடிக்க ஆயிரம் காரியம் வைத்திருந்தவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒரே மாதிரி நடந்தார்கள்.

ஹவ்வா உம்மாவின் இளைய மகள் ஸைனம்பு பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில். பிள்ளைக்குப் பேர் வைத்த கிழமையே புருஷன் முகைதீன்பாவா வண்டியைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் முதிரை மரம் கொண்டுவந்தான். தச்சு வேலை செய்யும் ஓடாவியைப் பிடித்து அதில் வாசலுக்கு ஒரு நிலை செய்வித்தான். வீடு இல்லை, வீடு கட்ட வளவு இல்லை, ஆனால் வீட்டுக்கு நிலை ஆயத்தம்! அதைப் பின் கொட்டிலில் முகட்டோடு தூக்கிக் கட்டி, வருசத்துக்கு ஒருமுறை இறக்கி வேப்பெண்ணெய் பூசி மறுபடி தூக்கிக் கட்டுவான். “ஊட்ட மறந்துட்டு நிலையக் கட்டிப் புடிச்சிட்டிருக்கிற மனிசன உலகத்துல கண்டிருக்கீங்களாகா?” என்று ஹவ்வா உம்மா பக்கத்து வளவுப் பெண்களைக் கூப்பிட்டுச் சிரிப்பாள். சிரித்தாலும் எண்ணெய்ச் சட்டியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

ஸைனம்புவுக்கு மூத்தவர்கள் இரண்டு பேர். மூத்தவன் சாலிஹ், அடுத்தவள் ஹஸீனா. சாலிஹுக்கு ஓட்டமாவடியில் பெண் எடுத்தார்கள். அவன் தன் உடுப்பைச் சுருட்டிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போனான். ஹஸீனாவுக்குக் கலியாணம் வந்தபோது ஹவ்வா உம்மா தன் வீட்டைக் கொடுத்தாள். அது அவளுடைய உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு. அவள் அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் பிள்ளைகள் எல்லாரையும் பெற்றாள். வீடு பூட்டும் திறப்பை மகளின் கையில் வைத்துவிட்டு, புருஷனையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வளவு மூலையில் இருந்த கொட்டிலுக்குக் குடி வந்தாள். “நேத்து மட்டும் என்ட ஊடு. இண்டைக்கு மகள்ற ஊட்டுல தண்ணி கேட்டுக் குடிக்கிறன்” என்று அதற்கும் சிரித்தாள். அங்கே எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் வளவு மூலைக்கு வருவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. ஸைனம்புவுக்கு வீடு எங்கே? முகைதீன்பாவா கூலிக்கு வயல் செய்கிறவன். ஹவ்வா உம்மா நெல் அவித்துக் குத்தி விற்கிறவள். முதிரை நிலை முகட்டில் தொங்கிக்கொண்டிருக்க, அதன் கீழே பெண் வளர்ந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அரசாங்கம் குடியேற்றம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மேற்கே காட்டுக்குள் மரையடிக்குளம் என்று உடைந்து கிடந்த ஒரு பழைய குளத்தைக் கட்டி, காட்டை வெட்டி, காணியில்லாத சனத்துக்கு வயலும் வீடும் கொடுக்கப்போகிறார்களாம். கேட்டுவந்த முகைதீன்பாவா குளத்தைப் பற்றிச் சொன்னான், வாய்க்காலைப் பற்றிச் சொன்னான், இரண்டு போகம் விளையும் என்றான். ஹவ்வா உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஊடு குடுப்பாங்களா?”

“ஊட்டோடதான் குடுக்கிறாங்க.”

“அப்ப நிலைய இறக்குங்க” என்றாள்.

மரையடிக்குளக் குடியேற்றத்துக்கு யார் படம் கீறினார்களோ, நன்றாகத்தான் கீறியிருந்தார்கள். நூல் பிடித்தது போல் ரோடு. ரோட்டோரம் வரிசையாக வீடுகள், எல்லாம் ஒரே அளவு, எல்லா வாசலும் ரோட்டைப் பார்த்தபடி. பள்ளிக்கூடத்துக்கு இடம், கடைக்கு இடம், குளத்துக் கட்டுக்கு இருபுறமும் மரம் நட இடம். ஏறாவூரில் பெண்கள் ரோட்டுக்கு இறங்காமலே வேலிப் பொட்டுகளால் நுழைந்து வளவுக்கு வளவு ஊர் முழுதும் சுற்றிவருவார்கள். இங்கே பக்கத்து வீட்டில் ஒரு நெருப்புக் கொள்ளி வாங்குவதற்கும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டால்தான் போக வேண்டும். மீன் வாசம் இல்லை. வாவிக் காற்று இல்லை. மாலையானால் நுளம்புக் கடி மட்டும் இருந்தது.

அரசாங்கம் வைத்த பலகைக் கதவையும் அதன் மெல்லிய சட்டத்தையும் முகைதீன்பாவா கழற்றிப் போட்டுவிட்டு முதிரை நிலையைப் பூட்டினான். குடியேற்றத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஜெயராஜா சைக்கிளில் வந்து இறங்கி அதைக் கண்டார். மட்டக்களப்பு டவுனைச் சேர்ந்த மெதடிஸ்த கிறிஸ்தவர். மரியாதையான மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். “என்ன காக்கா, மண்சுவருக்கு மாளிகை நிலையா?” என்று, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில் கேட்டுச் சிரித்தார்.

“இது மகளுக்கு வச்சது ஐயா. ஊடும் அவளுக்குத்தானே” என்றான் முகைதீன்பாவா.

ஜெயராஜா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்காவது அவர் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வீட்டில் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டுப் பொடிமெனிக்கேயும் ஹவ்வா உம்மாவும் அரைப் பாஷையும் கைச்சாடையுமாகச் சிநேகமாகிவிட்டார்கள். பொடிமெனிக்கேயின் மகனுக்குக் கலியாணம் நடந்தபோது அவன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்தான். ஹவ்வா உம்மா அதை வேலியோரம் நின்று வாய் பிளந்து பார்த்தாள். “ஸைனம்பு, ஓடி வா புள்ள! மருமகளக் கூட்டிட்டு வாறாங்க! பாவம் அந்தப் புள்ள, அதுக்கு ஊடு இல்லப் போல!” என்றாள். நாட்டின் அந்தப் பக்கத்துக்கு அதுதான் வழக்கம் என்று அவளுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்துக்கு இதுதான் வழக்கம் என்று குடியேற்றச் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியாததால் யாருக்கும் நட்டமில்லை.

முதலாம் விளைச்சல் முடிந்தபின் ஒரு நாள் ஜெயராஜா வீரை மர நிழலில் மேசை போட்டு ஒவ்வொரு ஆம்பிளையாகக் கூப்பிட்டார். தனக்குப் பிறகு காணிக்கு யார் என்று ஒரு பேர் சொல்ல வேண்டும். முகைதீன்பாவா யோசிக்கவே இல்லை. “என்ட மகன் சாலிஹ்” என்றான். பக்கத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து நின்ற ஹவ்வா உம்மாவும் அதைக் கேட்டாள். பள்ளிவாசல் வேலி ஒரு முழம் தள்ளியதற்கு, பள்ளியைப் பரிபாலிக்கும் மரைக்காரோடே மல்லுக்கு நின்றவள், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் பேசுவாள்? வயல் என்றால் வரம்பு, வாய்க்கால், தண்ணீர்ச் சண்டை. அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆம்பிளையின் பேர் வேண்டும். வீட்டைப் பற்றி அங்கே யார் கேட்டது? பெண்பிள்ளையின் வீட்டுக்கு யாரும் பேர் சொல்லி வைப்பதில்லை. ஹஸீனாவின் வீட்டுக்கு யார் பேர் எழுதினார்கள்? ஹவ்வா உம்மாவுக்கு அவள் உம்மா எதை எழுதிக் கொடுத்தாள்? வயல் வேறு, வீடு வேறு. அது அவர்களுக்கு இரவு வேறு பகல் வேறு என்பது மாதிரி. மரையடிக்குளத்தில் வயலும் வீடும் ஒரே துண்டு, ஒன்றைப் பிரித்து மற்றதைக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் இருவருடைய புத்தியிலும் ஏறவே இல்லை. சூதுவாது இல்லாத சனம் எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உலகச் சண்டை தொடங்கி அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் குளிர்காய்ச்சல் மரையடிக்குளத்தைப் பிடித்தது. கொயினா மருந்து கொடுக்கிறவர் கிழமைக்கு ஒருதரம் வருவார், சில கிழமை வரமாட்டார். முகைதீன்பாவா கொத்தி நின்ற வரம்பிலேயே நடுங்கிக்கொண்டு குந்திவிட்டான். பிறகு எழும்பவில்லை. பாயில் கிடந்தபடி நிலையைப் பார்ப்பான். “புள்ளைக்கு ஒரு மாப்புள பாத்து அந்த நிலையால உள்ளுக்கு எடுத்துருங்க” என்றான். அதுதான் அவன் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

அவன் மவுத்தானபோது இன்னொன்று தெரியவந்தது. பள்ளிக்கூடத்துக்கு இடம் விட்டவர்கள், மரம் நட இடம் விட்டவர்கள், மையவாடிக்கு இடம் விடவில்லை. மனிதர் அங்கே விளைவிப்பார்கள் என்று எண்ணினார்களே தவிர, சாவார்கள் என்று எண்ணவில்லை. ஜனாஸாவை மாட்டு வண்டியில் வைத்து, காட்டு ரோட்டால் ஏறாவூருக்குக் கொண்டுபோனார்கள். வண்டிக்குப் பின்னால் நடந்த ஹவ்வா உம்மா வழி நெடுக அரசாங்கத்தை ஏசினாள். அழுகையைவிட ஏச்சுத்தான் அவளுக்கு வாய்ப்பாக வந்தது.

புருஷன் சொன்னதை அவள் செய்தாள். விதவைக்குரிய இத்தா நாட்கள் இருந்து முடித்து, நெல்லைக் குத்தி விற்று, ஏறாவூரிலேயே முத்தலிப் என்ற பையனைப் பார்த்தாள். சாதுவானவன், உழைப்பாளி. அவன் தாய் கேட்டது ஒன்றே ஒன்று: “ஊடு இருக்கா?” “கல்லு மாதிரி இருக்கு, முதிரை நிலையோட” என்றாள் ஹவ்வா உம்மா. கலியாணத்தன்று நாலு பெரியவர்களுக்கு முன்னால் திறப்பை ஸைனம்புவின் கையில் வைத்தாள். முத்தலிப் நிலைக்குத் தலை குனிந்து உள்ளே போனான். ஹவ்வா உம்மா அன்றைக்கே வளவு மூலையில் ஒரு கொட்டில் போட்டு அதில் பாயை விரித்தாள். அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, அல்லாஹ்வே, நிம்மதியாகத் தூங்கினாள்.

முத்தலிப் வயலை நன்றாகச் செய்தான். ஸைனம்பு பிள்ளை வயிற்றில் தாங்கினாள். அந்த நேரத்தில்தான் ஜெயராஜா பார்வையிட வந்தார். முகம் சரியில்லை.

“உம்மா, வயலுக்குள்ள நிக்கிறது ஆர்?”

“என்ட மருமகன்.”

“பேர் குடுத்தது சாலிஹுக்கு. சாலிஹ் எங்க?”

“ஓட்டமாவடியில, பொஞ்சாதிர ஊட்டுல. ஆம்பிளப்புள்ள வேற எங்க இருப்பான்?”

ஜெயராஜா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “காணிய வெளியாளுக்குக் குடுத்திருக்கீங்க எண்டு மேல எழுதிட்டாங்க. குடுக்கக் கூடாது. ஊட்டையும் குடுக்கக் கூடாது.”

“வெளியாளா?” ஹவ்வா உம்மாவின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. “மகள்ற மாப்புள வெளியாளா? அவன் வெளியாள் எண்டா இந்த ஊட்டுக்கு உள்ளாள் ஆரு?”

“சட்டப்படி சாலிஹ்தான்.”

“சரி, பேர மாத்துங்க. ஸைனம்பு எண்டு போடுங்க.”

“மாத்துறதெண்டா காக்கா வந்து சொல்லணும் உம்மா. மவுத்தானவர் எப்பிடி வருவார்? பேர் சொல்லாம இருந்திருந்தாலும் முதல்ல ஆம்பிளப்புள்ளைக்குத்தான் போகும்.”

ஹவ்வா உம்மா கிட்டே வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “ஐயா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. டவுன்ல நீங்க இருக்கிறது ஆர்ர ஊடு?”

ஜெயராஜா தொப்பியின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ட மனிசிர ஊடு” என்றார்.

“அவவுக்கு ஆரு குடுத்த?”

“அவட அம்மா.”

“பொறகு?”

“பொறகு என்ன உம்மா! எனக்குத் தெரியாமலா? இந்தச் சட்டம் கொழும்புல இருந்து முழு இலங்கைக்கும் ஒண்டா எழுதினது. மட்டக்களப்புக்கு வேற எண்டு அதுல ஒரு வரி இல்ல. நான் ரெண்டுதரம் எழுதிக் கேட்டன். பதில் இல்ல.” அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். “மாரி விதைப்புக்கு முந்தி சாலிஹ் இங்க வந்து இருக்கணும், வயலச் செய்யணும். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

மறுநாளே ஹவ்வா உம்மா ஓட்டமாவடிக்குப் போனாள். சாலிஹ் தாயைக் கண்டதும் பதறிப்போனான். விசயத்தைக் கேட்டு இன்னும் பதறினான். தங்கையின் வீடு தன் பேரில் இருக்கிறது என்பதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் பெண்சாதி தன் வீட்டை விட்டு வரமாட்டாள், அவளை வரச் சொல்லிக் கேட்கவும் முடியாது. கடைசியில் அவன் சொன்னான்: “நான் தனிய வாறன் உம்மா. பேருக்குத்தானே. ரெண்டு போகம் இருந்துட்டு வந்தா அவங்கட கண் அடங்கிரும்.”

வந்தான். தங்கமான பிள்ளை. வீட்டுக்குள் கால் வைக்காமல் வெளியே தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுத்தான். சோற்றைத் தாயின் கொட்டிலில் சாப்பிட்டான். ஜெயராஜா வந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார். ஹவ்வா உம்மாவுக்கு வீடு தப்பிவிட்டது என்று நம்பிக்கை வந்தது. பெண்சாதியின் பேறுகாலத்துக்கு முத்தலிப் தேன் எடுக்கக் காட்டுக்குப் போய்வந்தான். அந்தச் சில நாட்கள் எல்லாம் சரிதான் என்று தோன்றியது.

ஆனால் மரையடிக்குளத்தில் எல்லாம் வீட்டுக்காரனின் பேரில்தான் நடந்தது. விதைநெல் சாலிஹுக்கு. தண்ணீர் முறை சாலிஹுக்கு. அரிசிக் கூப்பன் சாலிஹின் பேருக்கு. வாய்க்கால் கூட்டத்தில் முத்தலிப் எழும்பிப் பேசப்போனால், “ஊட்டுக்காரன் பேசட்டும், நீங்க இரிங்க” என்றார்கள். ஒரு நாள் கடைக்காரன், “சாலிஹ்ட ஊட்டுல நிக்கிற பொடியன்” என்று அவனை இன்னொருவனுக்கு அடையாளம் காட்டினான். முத்தலிப் அன்று வாங்கப் போன உப்பை வாங்காமல் திரும்பி வந்தான்.

கொட்டில் வாசலில் வந்து நின்று, “மாமி, நான் ஆர்ர ஊட்டுக்கு மாப்புளயா வந்தன்?” என்று கேட்டான்.

“என்ன கேள்வி இது மருமகன்? ஸைனம்புட ஊட்டுக்கு.”

“இல்ல மாமி. மச்சான்ட ஊட்டுக்கு வந்திருக்கன். மச்சான்ட ஊட்டுல சோறு திண்டுட்டு இருக்க என்ட உம்மா என்னப் பெறல்ல.” அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஹவ்வா உம்மா ஏசியே அவனை வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். “ஸைனம்புக்கு ஊடு இருக்கிற அண்டைக்கு ஆள் அனுப்புங்க. வாறன்.”

சாலிஹ் குறுக்கே விழுந்து மச்சானின் கையைப் பிடித்தான். “மச்சான், நான் வெளியிலதானே கெடக்கன்! இண்டைக்கே போறன் மச்சான்!” என்று அழுதான். போனால் வீடு போய்விடும், இருந்தால் மாப்பிள்ளை போய்விடுவான். முத்தலிப் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு தன் உடுப்பை எடுத்தான். ஸைனம்பு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் முகத்தைப் பாராமல், தலை குனிந்து, அதே நிலையால் வெளியே போனான்.

அடுத்த கிழமை ஓட்டமாவடியிலிருந்து சாலிஹுக்கு ஆள் வந்தது. பெண்சாதி வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள்: வாறதென்றால் இப்போது வரட்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம். சாலிஹ் தாயின் முகத்தைப் பார்த்தான். இரு என்றால் இருந்திருப்பான், அப்படிப்பட்டவன். இரு என்று சொல்லத்தான் ஹவ்வா உம்மாவின் நெஞ்சு துடித்தது. அவன் இருந்தால் வீடாவது மிஞ்சும். எத்தனை வருச ஆசை, எத்தனை மூடை நெல்லின் தவிடு, புருஷன் காய்ச்சலில் செத்த மண்!

“போ மனே” என்றாள். “ஒரு புள்ளைர வாழ்க்க போனது போதும். இன்னொண்டையும் சேத்துக் குடுக்க என்னால ஏலாது.”

அவன் போனபின் கொட்டிலுக்குள் போய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். மகளுக்குக் கேட்கக் கூடாது என்று அப்படி அழுதாள்.

வேறு ஆளுக்குக் கொடுக்கும் நாள் வந்தபோது ஜெயராஜா வந்தார். ஹவ்வா உம்மா அலவாங்குக் கம்பியால் சுவரை இடித்து நிலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ரோட்டில் நின்றது. நிறைமாதமான ஸைனம்பு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றாள்.

“உம்மா, அது... ஊட்டோட பூட்டினது. ஊட்டோடதான் இருக்கணும்” என்றார் ஜெயராஜா. சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

ஹவ்வா உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நிலை ஒரு பக்கம் கழன்று சரிந்தது. “அந்தப் பக்கத்தப் புடிங்க ஐயா, பாரமாக் கெடக்கு” என்றாள்.

ஜெயராஜா தொப்பியை நிலத்தில் வைத்துவிட்டுப் பிடித்தார். இருவருமாக அதை வண்டியில் ஏற்றினார்கள். “கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்” என்று அவர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. “ஒங்கள நான் ஏசல்ல ஐயா” என்றாள். உண்மையில் அன்று அவளுக்கு ஏச யாருமே அகப்படவில்லை. பெரிய ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் பொடிமெனிக்கே வந்து ஸைனம்புவின் கையில் ஒரு பொட்டலம் வெல்லத்தை வைத்துவிட்டு வண்டி போகும்வரை நின்றாள்.

ஏறாவூரில் வண்டி ஹஸீனாவின் வாசலில் நின்றது. ஹவ்வா உம்மா இறங்கி வேலிப் படலைக்கு வெளியே நின்றாள். அந்த வளவில் அவள் படலையால் வந்ததே குறைவு, வேலிப் பொட்டால் நுழைந்து வளர்ந்தவள். ஹஸீனா ஓடி வந்தாள். “என்ன உம்மா வெளிய நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க!”

“ஒன்ட மாப்புளக்கிட்டக் கேளு மகள்” என்றாள் தாய். “எனக்கில்ல. இவள் பெறுமட்டும். அந்த மூலைக் கொட்டில் போதும்.”

ஹஸீனா அங்கேயே நின்று ஓவென்று அழுதாள். அவள் மாப்பிள்ளை நல்லவன். கேட்காமலே வண்டியிலிருந்து நிலையை இறக்க உதவினான். அதை வேலியில் சாய்த்து வைத்தார்கள்.

ஸைனம்புவுக்கு மாரி தொடங்கிய கிழமையில் பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி வெளியே வந்து, “பொம்புளப்புள்ள” என்று மெதுவாகச் சொன்னாள்.  முத்தலிப்புக்கு ஆள் போயிருந்தது, அவன் வரவில்லை. பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டிய தகப்பன் இல்லாததால் ஹஸீனாவின் மாப்பிள்ளை சொன்னான். ஸைனம்பு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

ஹவ்வா உம்மா பேத்தியைக் குளிப்பாட்டித் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. வேலியோரம் சாய்த்திருந்த நிலையின் ஒரு காலில் கறையான் மண் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் குந்தியிருந்து நகத்தால் அதைச் சுரண்டினாள். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்தப் பிள்ளை கலியாணத்துக்கு நிற்கும்போது தான் இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். வீடு இல்லை, வளவு இல்லை, வண்டி பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போக ஆம்பிளையும் இல்லை. நாலு கல்லைத் தேடி எடுத்துவந்து நிலையைத் தரையில் படாமல் தூக்கி வைத்தாள்.

“ஹஸீனா, கொஞ்சம் வேப்பெண்ணெய் இருந்தாத் தா மகள்” என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.